பாஸ்போர்ட் ஒண்ணு, விசா ரெண்டு: ஒரு தீவுக் கணக்கு

டிஸ்கி: இது பயணக் கட்டுரை இல்லை மக்களே. கடல், மணல், தென்னைமரம் போட்டோ எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும். இது ஒரு எக்ஸெல் ஷீட்டின் கதை.

மான்ட்ரியால் டவுன்டவுன்ல குளிர்காலத்துல நடந்து பார்த்தவங்களுக்குத் தெரியும். கீ-கான்கார்டியா மெட்ரோ ஸ்டேஷன்ல இருந்து வெளிய வந்து செயின்ட் கேத்தரின் தெருவுல கால் வைக்கும்போது மூக்குக்குள்ள இருக்கிற ஈரம் அப்படியே உறையும். அந்த நேரம் பார்த்து ஒரு டிராவல் ஏஜென்சி கண்ணாடியில நீலக் கடல், வெள்ளை மணல், ஒரு குடைக்குக் கீழ ரெண்டு நாற்காலி. மேல பெருசா 'எல்லாம் உட்பட'ன்னு பிரெஞ்சுல. கீழ 1,499 டாலர். அதுக்கும் கீழ, எறும்பு எழுத்துல, 'முதல்' அப்படின்னு.

இந்த ஊர்க்காரங்க இதுக்கு வெச்சிருக்கிற பேரு 'தெற்கு'. "இந்த வருஷம் தெற்கே போறியா?"ன்னு கேட்டா கியூபா, டொமினிக்கன் குடியரசு, மெக்சிகோ கடற்கரைன்னு அர்த்தம். எனக்கு முதல் வருஷம் இது புரியாம, "எங்க வீடே தெற்குதாங்க, காரைக்கால்"னு சொல்லி வைச்சேன். சிரிச்சாங்க. ஏன் சிரிச்சாங்கன்னு அடுத்த குளிர்காலத்துலதான் புரிஞ்சது.

போன அக்டோபர்ல (2025) நாங்க மூணு பேரு அந்தக் கண்ணாடி முன்னாடி நின்னு முடிவு பண்ணினோம். மார்ச் முதல் வாரம் படிப்பு விடுமுறை. ஒரு தீவு. என்ன ஆனாலும் சரி.

மூணு பேரையும் அறிமுகம் பண்ணிடறேன், ஏன்னா கணக்கே அங்கதான் ஆரம்பிக்குது. ஒருத்தன் இங்கயே பிறந்தவன், அம்மா அப்பா யாழ்ப்பாணம், கனடா பாஸ்போர்ட். இன்னொருத்தன் என் ஊர்க்காரன், காரைக்கால்ல எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி. ஆனா அவன் 'சொல்தா' வீட்டுப் பையன். தாத்தா பிரெஞ்சு ராணுவத்துல இந்தோசீனா வரைக்கும் போனவர். 1962 ஆகஸ்ட் 16-ல பிரெஞ்சு இந்தியாவை ஒப்படைக்கிற ஒப்பந்தம் அமலுக்கு வந்தப்போ, அங்க இருந்தவங்க பிரெஞ்சுக் குடியுரிமையே வேணும்னா ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கலாம்னு ஒரு ஷரத்து இருந்துச்சு. அவன் தாத்தா எழுதிக் குடுத்தார். என் தாத்தா குடுக்கலை. அவ்வளவுதான் எங்க ரெண்டு பேருக்கும் வித்தியாசம். அவன்கிட்ட பிரெஞ்சு பாஸ்போர்ட், என்கிட்ட அசோகச் சக்கரம்.

முதல்ல கியூபா பார்த்தோம். கியூபெக்காரங்களுக்கு ரொம்ப காலமா மலிவுத் தீவு அதுதான். ஆனா 2024 அக்டோபர்ல நாடு மொத்தத்துக்கும் கரண்ட் போனதை எல்லாரும் செய்தியில பார்த்திருந்தோம். அதைவிட, சொல்தா வீட்டுப் பையன் ஒரு குண்டு போட்டான். விசா இல்லாம அமெரிக்கா போற வசதி பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்கு உண்டு. ஆனா 2021 ஜனவரி 12-க்கு அப்புறம் கியூபா போனவங்களுக்கு அந்த வசதி கிடையாதாம், நேர்ல போய் விசா எடுக்கணுமாம். எனக்கு எப்படியும் அமெரிக்க விசா வேணும், அதனால எனக்கு நஷ்டம் இல்லை. வாழ்க்கையில முதல் தடவையா என் பாஸ்போர்ட் ஒரு இடத்துல சமமா நின்னுச்சு :)

அப்புறம் பூந்தா கானா. டொமினிக்கன் குடியரசுல, இந்திய பாஸ்போர்ட்ல செல்லுபடியாகிற கனடா விசா ஒட்டியிருந்தா அவங்க விசா தனியா வேண்டாம். சுற்றுலா அட்டைக் கட்டணம் 10 டாலர் டிக்கெட்டுலயே சேர்ந்துடுது. போறதுக்கு முன்னாடி இணையத்துல ஒரு படிவம் நிரப்பணும், அது இலவசம். தேடுபொறியில தேடினா அதுக்குக் காசு வாங்குற தளங்கள்தான் முன்னாடி வந்து நிக்கும், ஏமாந்துடாதீங்க. சரி, விலை? அந்த 1,499 ஜனவரி மாச விலை. நாங்க போகப்போற வாரம் பள்ளிக்கூடத்துக்கும் விடுமுறை, ஊரே கிளம்பும். 2,050. அதுவும் ஒரு அறையில ரெண்டு பேரு தங்கினா ஆளுக்கு. மூணாவது ஆளுக்குக் கட்டில் போட்டா வேற கணக்கு.

இந்த மாநிலத்துல ஒரு நல்ல விஷயம் உண்டு. விளம்பரத்துல போடுற விலையில கட்டாயக் கட்டணம் எல்லாம் அடங்கியிருக்கணும்னு நுகர்வோர் சட்டம். கியூபெக் உரிமம் வாங்கின டிராவல் ஏஜென்ட் மூலமா வாங்கினா, கம்பெனி திவாலானாலும் பணம் திரும்பக் கிடைக்க ஒரு இழப்பீட்டு நிதி இருக்கு. நேரா வெளிநாட்டுத் தளத்துல வாங்கினா அது கிடைக்காது. இருபது டாலர் மிச்சம்னு அங்க போய் விழாதீங்க.

2,050-ஐப் பார்த்துட்டு மூணு பேரும் காபி குடிக்கப் போனோம். அங்கதான் சொல்தா வீட்டுப் பையன் மெதுவா, "குவாதலூப் போலாமாடா?"ன்னான்.

குவாதலூப்னா கரீபியன்ல இருக்கிற பிரான்ஸ். யூரோ காசு, பிரெஞ்சு போஸ்ட் ஆபீஸ், பிரெஞ்சு போலீஸ். மான்ட்ரியால்ல இருந்து நேர் விமானம், ஏறக்குறைய அஞ்சு மணி நேரம். ஓட்டலுக்குப் பதிலா சமையலறை இருக்கிற சின்ன வீடு எடுத்துக்கலாம். உட்கார்ந்து போட்ட கணக்கு இது, யூரோவுக்கு 1.60 டாலர்னு வெச்சு:

விமானம் 780. வீடு ஏழு ராத்திரிக்கு 630 யூரோ, மூணா வகுத்தா 210, அதாவது 336 டாலர். கார் வாடகையில என் பங்கு பெட்ரோலோட 150. (25 வயசுக்குக் கீழ ஓட்டுனா கூடுதல் கட்டணம் கேப்பாங்க, அதனால யாழ்ப்பாணத்தான்தான் டிரைவர், அவனுக்கு 26.) சூப்பர் மார்க்கெட்ல வாங்கிச் சமைச்சா சாப்பாடு 240. பக்கத்துத் தீவுக்குப் படகு, இளநீர், இத்யாதி 96. ஆக மொத்தம் 1,602.

விமான நிலையம் போக டாக்சி வேண்டாம். 747 பஸ் டவுன்டவுன்லயே நிக்கும். தனியா வாங்கினா பதினோரு டாலர் சொச்சம், மாசப் பாஸ் இருந்தா அதுலயே போயிடலாம். கிரெடிட் கார்டை வெளிநாட்டுக் காசுல தேய்ச்சா பெரும்பாலான கனடா கார்டுகள் 2.5 சதவீதம் எடுத்துக்கும். அதையும் ஒரு ஓரமா எழுதி வெச்சேன்.

அவங்க ரெண்டு பேருக்கும் கணக்கு அங்க முடிஞ்சது. எனக்கு இன்னொரு வரி. குவாதலூப் பிரான்ஸ்தான், ஆனா ஷெங்கன் பகுதிக்குள்ள இல்லை. அதுக்குன்னு தனி விசா. விசா, சேவைக் கட்டணம், இன்சூரன்ஸ், அளவெடுத்த போட்டோ எல்லாம் சேர்த்து 220 டாலர்னு போட்டேன். 1,822.

யாழ்ப்பாணத்தான் என் ஷீட்டைப் பார்த்துட்டு, "என்ன மச்சான், ஒரே பிளேன், ஒரே வீடு, உனக்கு மட்டும் ஏன் கூடக் காட்டுது?"ன்னான். பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். அவன் ஒண்ணும் சொல்லலை. அவன் அப்பாவும் ஒரு காலத்துல அகதியா, ஒழுங்கான காகிதம் இல்லாம வந்தவர்தான்.

என் காசு எப்படி வருதுன்னும் சொல்லிடறேன். ஒரு உணவகத்துல பாத்திரம் கழுவுறேன். அப்போ கியூபெக்ல குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.10 (2025 மே 1-ல இருந்து). பிடித்தம் போகக் கைக்கு வர்றது சுமார் 14. வெளிநாட்டு மாணவன் வகுப்பு நடக்கிற காலத்துல வெளிய வாரம் 24 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம், 2024 நவம்பர்ல வந்த விதி. 1,822-ஐ 14-ஆல வகுத்தா 130 மணி நேரம். அஞ்சு வாரத்துக்கு மேல பாத்திரம். வாடகை, சாப்பாடு, மெட்ரோ எல்லாத்தையும் மறந்துட்டு. நடைமுறையில நாலு மாசச் சேமிப்பு. செய்யலாம்னு தோணுச்சு. பயண விலையை டாலர்ல பார்க்காம மணியில பார்க்கிற பழக்கம் எனக்கு அப்போ வந்ததுதான், இப்பவும் போகலை.

இந்தத் தீவுக்கு நான் இவ்வளவு மெனக்கெட்டதுக்குக் காரணம் விலை மட்டும் இல்லை.

வாரக் கடைசியில ஊருக்குப் பேசினப்போ பாட்டிகிட்ட சொன்னேன், ஒரு தீவுக்குப் போறேன்னு. பாட்டி உடனே, "தீவுக்கா? வேணாம்யா. அந்தக் காலத்துல கப்பலேறிப் போனவன் எவன் திரும்பி வந்தான்?"னுச்சு. சும்மா பயமுறுத்துதுன்னுதான் நினைச்சேன். அப்புறம் தேடிப் படிச்சா தலை சுத்திடுச்சு.

1848-ல பிரெஞ்சுக்காரங்க அடிமை முறையை ஒழிச்சாங்க. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணும். பாண்டிச்சேரியில இருந்தும் எங்க காரைக்கால்ல இருந்தும் கப்பல் கிளம்புச்சு. 'ஒரேலி'ங்கிற கப்பல் 1853 மே 6-ல மார்த்தினிக் போச்சு. அதே கப்பல் 1854 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், குவாதலூப் கரையில நம்ம ஆட்களை இறக்குச்சு. நன்னம்பிக்கை முனையைச் சுத்திக்கிட்டு மூணு மாசம் போலக் கடல்ல. 1889 வரைக்கும் குவாதலூப்புக்கு மட்டும் 42,000 பேருக்கு மேல. பின்னாடி கல்கத்தாவுல இருந்தும் ஏத்தினாங்க, ஆனா ஆரம்பம் நம்ம கரைதான். பிரிட்டிஷ் அரசு 1888-ல இனி ஆள் அனுப்ப முடியாதுன்னு நிறுத்தின பிறகுதான் கப்பல் நின்னுச்சு.

ஒப்பந்தத்தைப் படிச்சா எனக்கு அந்தக் கண்ணாடி போஸ்டர்தான் ஞாபகம் வந்துச்சு. அஞ்சு வருஷம். கப்பல் கட்டணம் இலவசம். தங்க இடம், அரிசி, மருந்து, வருஷத்துக்குத் துணி. ஆம்பளைக்கு மாசம் பன்னிரண்டரை ஃபிராங்க், பொம்பளைக்குப் பத்து. முடிச்சதும் திரும்பி வரக் கப்பல். எல்லாம் உட்பட! எறும்பு எழுத்துல என்ன இருந்துச்சுன்னு அவங்களுக்கு யாரும் வாசிச்சுக் காட்டியிருக்க மாட்டாங்க. போனவங்கள்ல நாலுல ஒருத்தர்கூடத் திரும்பலை. நிறைய பேரு செத்தாங்க, மிச்சப் பேரு அங்கயே தங்கிட்டாங்க. பாட்டி சொன்னது கதை இல்லை, கணக்கு.

தங்கினவங்க பிள்ளைகளுக்கும் காகிதப் பிரச்சினை. பிரெஞ்சு மண்ணுல பிறந்தும் பிரெஞ்சுக்காரன் இல்லை. கப்பெஸ்டேர்-பெல்-ஓ ஊர்ல 1863-ல பிறந்த ஆன்றி சிதாம்பரோம் (ஆமா, நம்ம சிதம்பரம்தான்) 1904-ல இந்தியர்களை வாக்காளர் பட்டியல்ல சேர்க்கப் போய் வழக்கு ஆகி, 1923 வரைக்கும் போராடித்தான் குடியுரிமை வாங்கிக் குடுத்தார். அப்புறம் காலம் மாறி, எர்னெஸ்ட் முத்துசாமி 1981-ல இருந்து 2002 வரைக்கும் பாரிஸ் நாடாளுமன்றத்துல குவாதலூப் உறுப்பினர்.

இதைச் சொல்தா வீட்டுப் பையன்கிட்ட சொன்னேன். "பாருடா, என் ஊர்ல இருந்து கூலியா கப்பலேறினவன் பேரனுக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட். சிப்பாயாப் போனவர் பேரன் உனக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட். எங்கயும் போகாம வீட்டுல உட்கார்ந்திருந்தவர் பேரன் எனக்கு 220 டாலர்." அவன் விழுந்து விழுந்து சிரிச்சான். நானும்தான்.

இனிமே சோகம்.

நவம்பர்ல வீட்டை புக் பண்ணினோம். ரத்து பண்ணினா காசு கிடையாதுங்கிற வகை, அதுதான் மலிவு. என் பங்கு 336 குடுத்தாச்சு. அவங்க ரெண்டு பேரும் டிக்கெட் எடுத்தாங்க. நான் விசா வந்த பிறகு எடுக்கலாம்னு விட்டேன் (நான் செஞ்ச ஒரே புத்திசாலித்தனம்). தேர்வு, டிசம்பர் பனி, கடையில கிறிஸ்துமஸ் கூட்டம். விசா விண்ணப்பத்தை ஜனவரி பாதியிலதான் கையில எடுத்தேன். படிவத்துல ஒரு கேள்வி: கனடாவுக்குத் திரும்பி வர உங்களுக்கு அனுமதி எதுவரை?

பாஸ்போர்ட்டைப் பிரிச்சுப் பார்த்தேன். கனடா விசா ஸ்டிக்கர், பிப்ரவரி 28 வரைக்கும். திரும்பி வர்ற நாள் மார்ச் 8.

போன கோடையில படிப்பு அனுமதியை நீட்டிச்சிருந்தேன். அது கையில இருக்குங்கிற தைரியத்துல ஸ்டிக்கரை மறந்தேவிட்டேன். புதுசா வர்ற மாணவர்கள் இதைச் சுவத்துல எழுதி ஒட்டிக்கங்க: படிப்பு அனுமதி வேற, விசா வேற. அனுமதி இங்க இருக்கிறதுக்கு, விசா உள்ள வர்றதுக்கு. அனுமதியை நீட்டிச்சா ஸ்டிக்கர் தானா நீளாது. தனியா விண்ணப்பிக்கணும், 100 டாலர், பாஸ்போர்ட்டை அனுப்பி வைக்கணும். ஸ்டிக்கர் காலாவதி ஆன பிறகும் நாட்டை விட்டுப் போய்ட்டு வரலாம்னு விதிவிலக்கு ரெண்டே இடத்துக்குத்தான். ஒண்ணு அமெரிக்கா. இன்னொண்ணு சென் பியேர் மிக்கெலோன். அதுவும் பிரெஞ்சுத் தீவுதான்! ஆனா நியூஃபவுண்ட்லாந்து பக்கத்துல, பனி மூட்டத்துக்கு நடுவுல. தெற்கு இல்லை, சுத்தமா இல்லை.

ஆக எனக்குப் போறதுக்கு ஒரு விசா, வர்றதுக்கு ஒரு விசா. ரெண்டு பேரும் கேக்கிறது ஒரே பாஸ்போர்ட்டை. வர்றதுக்கு விசா இல்லாம போறதுக்கு விசா கேட்டு நிக்கிறதுல அர்த்தம் இல்லை. முதல்ல இது, அப்புறம் அது. இருந்தது ஆறு வாரம். யார் மேலயும் தப்பு சொல்ல முடியாது, அக்டோபர்லயே ஸ்டிக்கர் தேதியைப் பார்த்திருக்கணும். பூந்தா கானா மாத்திக்கலாமேன்னு யாழ்ப்பாணத்தான் சொன்னான். அங்கயும் செல்லுபடியாகிற கனடா விசாவைத்தானே கேப்பாங்க!

"அப்ப நாங்களும் போகேல்லை"ன்னான் அவன். நான் விடலை. ரெண்டு டிக்கெட் காசு, வீட்டுக் காசு எல்லாம் கடல்ல கொட்டுறதுக்கா நாலு மாசம் வேலை பார்த்தோம்? பாத்திரம் கழுவுறவனுக்குத்தான் காசோட எடை தெரியும். சண்டை போட்டு அனுப்பினேன். லியோனல்-குரூ மெட்ரோ வாசல்ல 747 பஸ் ஏத்திவிட்டு, மேல வந்து பார்த்தா பனி கொட்டுது.

அந்த வாரம் வேலைக்குப் போனேன். படிப்பு விடுமுறை வாரத்துல 24 மணி நேர வரம்பு கிடையாது, அதனால 38 மணி நேரம் பார்த்தேன். 532 டாலர். தொலைச்ச வீட்டுப் பங்கு 336 போனா 196. புது விசாவுக்கு 100 போனா 96. இப்படித்தான் மனசைத் தேத்திக்கிட்டேன். அந்த 336 சரியா 24 மணி நேரப் பாத்திரம், ஒரு முழு வாரம். அது மட்டும் இன்னும் உறுத்துது.

புதன்கிழமை மத்தியானம், கையில சோப்பு நுரையோட நிக்கும்போது போன் அடிச்சது. வாட்ஸ்அப்ல சொல்தா வீட்டுப் பையன் குரல். "டேய், கப்பெஸ்டேர்ல ஷாங்கி கோயில் வாசல்ல நிக்கிறோம். நம்ம ஊர்க் கோயில் மாதிரியே கலர் கலரா பொம்மை. ஒரு பெரியவர்கிட்ட காரைக்கால்னு சொன்னேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்கிறாருடா. அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியலை. மாரியம்மன் பேரு மட்டும் தெரியுது." அதை மூணு தடவை கேட்டேன். ராத்திரி பாட்டிக்குப் போட்டுக் காட்டினேன். பாட்டி ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "யாரு வீட்டுப் பிள்ளையோ"ன்னுச்சு.

ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் கறுத்துப் போய் வந்து சேர்ந்தாங்க. ஒரு பொட்டலம் குடுத்தாங்க. மேல 'கொலம்போ'ன்னு எழுதியிருக்கு. அந்தத் தீவுகள்ல ஆட்டுக்கறி, கோழி எல்லாம் போட்டுச் செய்யிற குழம்புக்கு அதுதான் பேரு, அந்தப் பொடிக்கும் அதே பேரு. முகர்ந்து பார்த்தா மல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம், கடுகு. எங்க வீட்டு அடுப்படி வாசனை, கொஞ்சம் காரம் குறைச்சு. "கொழும்பு எண்டு எழுதியிருக்கு, எங்கட சாமான்"னு யாழ்ப்பாணத்தான். "அடப் போடா, குழம்புன்னுதான் சொல்லியிருப்பாங்க, வெள்ளைக்காரன் காதுல மாறியிருக்கும்"னு சொல்தா வீட்டுப் பையன். ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டு இருக்கும்போது நான் கோழியை நறுக்கி அடுப்புல போட்டேன்.

பொடி நாலு யூரோவாம். 6.40 டாலர். காசு வாங்க மாட்டேன்னுட்டான், நான் ஷீட்ல எழுதி வெச்சிருக்கேன். புது ஸ்டிக்கர் ஏப்ரல்ல வந்துச்சு. தேதியை ரெண்டு தடவை பார்த்துட்டேன்.